கெர்னல் சோர்ஸும் ஜெபராஜின் பெயரும்

நவ. 12, புதன்

காலையிலிருந்து தூறல். மாடியில் போட்ட துணி காயவில்லை. மகளின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டே காய வைத்தேன். பனியன் கம்பெனிக்கு லேட். வழியில் லாரி மறித்து நின்றது என்று சொன்னேன். நின்றது உண்மைதான், ஆனால் நேற்று.

இன்றைக்கு:
– பேக்கிங் செக்‌ஷன் பிரிண்டர், ரிப்பன் மாற்ற
– அம்மாவுக்கு போன் (சேவூரில் மழையா)
– கெர்னல் சோர்ஸ் லெட்டர், முதலாளி கையெழுத்து
– தோசை மாவு

இந்த மூன்றாவதுதான் மாதம் பூராவும் மண்டையைக் குடைகிறது. ஸ்டோரில் ஒரு பெட்டி நிறைய பழைய கை ஸ்கேனர்கள். தைத்து முடித்த பண்டில் மேல் பார்கோடு ஒட்டியிருக்கும். செக்கிங் பெண்கள் இதைக் காட்டிப் பட்டனை அழுத்தினால், எந்த லைன் எத்தனை பீஸ் என்று என் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். தீபாவளியோடு அதிலிருந்த டீலரின் புரோகிராம் நின்றுபோனது. "அந்த மாடல் க்ளோஸ் ஆயிருச்சுங்க, புதுசு எடுத்துக்குங்க" என்கிறார் கோயம்புத்தூர் டீலர். மெஷினுக்கு ஒரு கேடும் இல்லை. இதனால் பெண்கள் மறுபடி நோட்டில் கோடு போட்டு எண்ணுகிறார்கள்.

உள்ளே ஓடுவது லினக்ஸ், யாரும் திறந்து மாற்றிக்கொள்ளக்கூடிய சிஸ்டம். அதனால் நானே ஒரு புரோகிராம் எழுதிவிடலாம் என்று துணிந்தேன். கேட் பாஸ் போடாமல் ஒரு ஸ்கேனரைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். எம்சிஏ படித்துவிட்டு இத்தனை வருஷமாக எக்செல் ஷீட்டில் கலர் அடித்துக்கொண்டிருக்கிறவள், முதன்முதலாக ஒரு சொந்தச் சமையல். திரை வந்துவிட்டது. தமிழும் இந்தியும் அழகாக வருகின்றன. பட்டனை அழுத்தினால் மட்டும் சிவப்பு வெளிச்சம் வரவில்லை. அதற்கு இந்த மெஷினுக்கென்று செய்த கெர்னலின் சோர்ஸ், அதாவது அதை எழுதிய மூல வரிகள், வேண்டும். கெர்னல் என்பது மெஷினுக்கும் புரோகிராமுக்கும் நடுவில் நின்று பேசுகிற பகுதி. லினக்ஸ் போட்டு ஒரு பொருளை விற்றால், வாங்கியவர் கேட்கும்போது அதன் சோர்ஸைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது உரிமத்தில் உள்ள நிபந்தனை. வாங்கியது கம்பெனி. ஆகவே கம்பெனி லெட்டர்.

மதியம் முதலாளி அறை. லெட்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கர்னலா? மிலிட்டரிக்காரங்களுக்கும் நமக்கும் என்ன அம்மிணி?"

விளக்கினேன். பாதியிலேயே கையைக் காட்டினார். "லெட்டரெல்லாம் எதுக்கு. ஒரு போன்ல முடியற சமாச்சாரம்." ஸ்பீக்கரில் போட்டு டீலரை அழைத்தார்.

"ஏனுங்க, உங்க சோர்ஸ் எங்களுக்கு வேணுமுங்க. நாங்க கேட்டா நீங்க குடுத்தே ஆகோணும்னு ரூலாமுங்களே."

 அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, "இதையெல்லாம் உங்களுக்கு ஆருங்க சொன்னது?"

முதலாளி என்னைப் பார்த்தார்.

"ஜெபராஜ் சொன்னாருங்க" என்றேன்.

"உங்க ஜெபராஜே சொன்னாப்லயாமுங்க" என்று முதலாளி போனில் சொன்னார், ஜெயித்த குரலில்.

ஜெபராஜ் டீலரின் சர்வீஸ் ஆள். சாத்தான்குளம் பக்கத்துக்காரர், இங்கே வீரபாண்டியில் குடும்பத்தோடு இருக்கிறார். பிரிண்டர் பார்க்க வருவார். போன வாரம் நான் வீட்டில் செய்வதையெல்லாம் அவரிடம் சொன்னபோது, "லினக்ஸ்தான் மேடம். சோர்ஸ் நான் கேட்டுப் பாக்கேன்" என்றார். அவ்வளவுதான். நிபந்தனை, ரூல் எல்லாம் நானாகப் படித்தது. நான் படித்தேன் என்று சொன்னால் முதலாளி "ஓஹோ" என்று போனை வைத்துவிடுவார். அவர்கள் ஆள் சொன்னார் என்றால் ஒரு கனம். அதற்காகச் சொன்னது. பெரிய தப்பாகத் தெரியவில்லை.

மாவு வாங்க மறந்தாயிற்று. உப்புமா. வீட்டில் இவர் முகம் தொங்கிற்று.

நவ. 13, வியாழன்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது. மனசும்.

ஜெபராஜிடமிருந்து மெயில். அவருடைய சொந்த ஐடியிலிருந்து. "மேடம், நீங்க கேட்டது. மெஷின் செஞ்சவங்ககிட்ட எழுதிக் கேட்டேன், அனுப்பிட்டாங்க. இது கேக்கிறவங்களுக்கெல்லாம் குடுக்கிறதுதான். கம்பெனி மெயில் இனி நான் பார்க்க முடியாது, அதனால இதுல அனுப்புறேன்."

கூட ஒரு பெரிய ஃபைல். கெர்னல் சோர்ஸ்.

அந்தக் கடைசி வரியைப் படித்தேன். படித்தேன் என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும். ஏன் பார்க்க முடியாது என்று ஒரு கேள்வி எழுந்தது. அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு டவுன்லோடைத் தட்டினேன்.

அந்த வரிகளை மெஷினுக்குப் புரிகிற கெர்னலாக மாற்ற மதியம் முழுக்கக் கம்பைல். இரண்டு முறை பாதியில் நின்றது. டிஸ்பாட்ச்காரர்கள் ஸ்டிக்கர் கேட்டு வந்தபோது எரிந்து விழுந்தேன். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள். சாயங்காலம் புதுக் கெர்னலை ஏற்றி, பட்டனை அழுத்தினேன். மேஜை மேல் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்திலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினேன், டிக் என்று படித்தது.

செக்கிங்கில் இருந்து சுனிதா எட்டிப் பார்த்தாள். பீகார்க்காரப் பெண். திரையில் இந்தி எழுத்தைப் பார்த்ததும், "அரே, மேடம், இது நம்மள்து பாஷை" என்று சிரித்தாள். எனக்கு நிலைகொள்ளவில்லை. முதல் திரையில் என் பெயரை 'உருவாக்கம்: கோகிலா' என்று போட்டேன். நாலு தரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

ஜெபராஜுக்கு நன்றி சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

நவ. 14, வெள்ளி

குழந்தைகள் தினம். மகள் கலர் டிரெஸ். சாக்லேட் டப்பாவைப் பஸ்ஸில் விட்டுவிட்டு அழுகை.

பிரிண்டர் பார்க்க ஆள் வந்தது. ஜெபராஜ் இல்லை, புதிய ஆள்.

"ஜெபராஜ் லீவுங்களா?"

"அவரு இப்ப இல்லீங்க மேடம்."

"இல்லைன்னா?"

அந்த ஆள் பிரிண்டர் மூடியைத் திறந்தபடியே சொன்னார். "புதங்கிழமை சாயந்தரமே வண்டிச் சாவி, லேப்டாப்பெல்லாம் வாங்கிட்டாங்க. சோர்ஸை வெளிய சொல்லிட்டாராமுங்க. மெஷின் எங்கிருந்து வருதுங்கறதுதானுங்களே எங்க சாருக்குப் பொழப்பே."

கையில் இருந்த ரிப்பனை மேஜையில் வைத்தேன்.

எங்கிருந்து வருகிறது. சோர்ஸ்.

இந்தத் திருப்பூரில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஃபேப்ரிக் சோர்ஸிங், ட்ரிம்ஸ் சோர்ஸிங், பட்டன் சோர்ஸ் யாரு, நூல் சோர்ஸ் எந்த மில். என் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர்கள் நாளெல்லாம் பேசுவது அதைத்தான். பொருள் கிடைக்கிற இடம். டீலர் வெளிநாட்டு மெஷினை இறக்கி, தன் பெயர் ஸ்டிக்கரை ஒட்டி விற்கிறவர். அவரிடம் போய், "உங்க சோர்ஸ் வேணும், உங்க ஆளே சொன்னான்" என்றால் என்ன நினைப்பார். ஜெபராஜ் காட்டிக்கொடுத்துவிட்டான், இவர்கள் நேராக அங்கேயே வாங்கப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார்.

முதலாளியும் அந்த அர்த்தத்தில்தான் கேட்டிருக்கிறார். நான் கெர்னல் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தையும் அவர் காதில் ஏறவில்லை. எல்லாரும் ஒரே பாஷை பேசினார்கள், நான் மட்டும் வேறு ஏதோ பேசினேன். பக்கத்தில் நின்றுகொண்டு ஆனந்தமாகப் பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

அதாவது நேற்று ஜெபராஜ் எனக்கு மெயில் அனுப்பியபோது அவருக்கு வேலை இல்லை. வேலை போன மறுநாள் உட்கார்ந்து, நான் கேட்டதை மறக்காமல் அனுப்பியிருக்கிறார். நான் கம்பைல் போட்டேன்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்யவும் பயம், எடுத்துவிட்டால் என்ன சொல்வது.

நவ. 15, சனி

சம்பள நாள். தையல் பக்கம் பவர் டேபிள் ஆட்களிடம் கூச்சல். தலைவலி, மாத்திரை.

முதலாளியிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டு போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "உக்காரு அம்மிணி" என்றார். உட்காரச் சொல்வது இதுதான் முதல் தடவை.

"நீ பெரிய ஆளு போ. அந்தச் சோர்ஸ் பேச்சை எடுத்ததும் மனுசன் அப்படியே எறங்கி வந்துட்டாரு. புது மெஷினுக்கு வெலையைக் கொறைச்சுத் தர்றேங்கறாரு. திங்கக்கெழமை நேர்லயே வர்றாராம். எங்க அக்கா பையனும் இஞ்சினியருதான், இப்படி ஒரு ரோசனை சொல்லிருப்பானா?"

பில்டர் காபி வந்தது. குடித்தேன். சூடாக, நன்றாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜெபராஜ் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஜெ" வரை வந்தது. அப்புறம், "ஜெனரேட்டர் டீசல் பில் வந்திருக்குங்க சார்" என்றேன். அசடு. இத்தனை வயசுக்கு இப்படியா.

எனக்கு என்னவெல்லாம் போகும் என்று யோசித்துப் பார்த்தேன்:
– முதலாளியின் இந்தச் சிரிப்பு
– குறைத்த விலை (என் பணம் இல்லை, ஆனால் பழி என் தலையில்)
– கேட் பாஸ் இல்லாமல் வீட்டுக்கு எடுத்துப் போனது வெளியே வரும்
– 'உருவாக்கம்: கோகிலா'

ஜெபராஜுக்குப் போனது: வேலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே காபியைக் குடித்து முடித்தேன். என்ன ஜென்மம் நான்.

இவரிடம் சொன்னேன். "நீ வேணும்னு செய்யலையே, விடு" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே எரிச்சலாகவும் இருந்தது.

நவ. 16, ஞாயிறு

மழை இல்லை, மேக மூடாப்பு. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வீரபாண்டி.

ஜெபராஜ் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை. அவர் மனைவி ஸ்டெல்லா, ஒரு பனியன் யூனிட்டில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறார். கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று தெரிந்ததும் மிக்ஸி நின்றது.

ஜெபராஜ் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க மேடம். போன் பண்ணிருப்பீங்க, எடுக்கலன்னு தப்பா நெனைக்காதீங்க. கம்பெனி சிம்மு, திருப்பிக் குடுத்துட்டேன். லைட்டு எரிஞ்சிச்சா?"

முதல் கேள்வி அதுதான். லைட் எரிந்ததா.

எரிந்தது என்றேன். பிறகு நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்பீக்கர் போன், சோர்ஸ் என்ற சொல், அவர் பெயரை நான் சொன்னது. மன்னிப்புக் கேட்டேன். 

"ஓ, அப்பிடியா சங்கதி" என்றார் ஜெபராஜ். தலையை ஆட்டினார். "நான் என்னத்தச் சொன்னேன், என்னத்தச் சொன்னேன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சிக்கிட்டுக் கெடந்தேன். இப்பத்தான வெளங்குது."

ஸ்டெல்லா சமையல்கட்டு வாசலில் நின்றார். குரல் உயரவில்லை. "எங்க வீட்டு ஆளு பேர எதுக்கு மேடம் சொன்னிய? அங்க நின்னது நீங்கதான. உங்க பேரச் சொல்லிருக்கலாம்லா."

"ஏய், சும்மா இரு" என்றார் ஜெபராஜ்.

"நான் கேக்கது தப்பா?" என்றார் ஸ்டெல்லா, என்னைப் பார்த்தே.

தப்பில்லை என்றேன்.  கேட்டது அவ்வளவு சின்னக் கேள்வி. நாலு நாளாக மொழி, வியாபாரம், சொல்லின் அர்த்தம் என்று நான் சுற்றிச் சுற்றி வந்ததெல்லாம் இந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை.

ஜெபராஜ் ஒன்றுதான் கேட்டார். "எங்க சார்ட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க மேடம். வேல தரலன்னாலும் போவுது. திருட்டுப்பய மாதிரி பாத்தாவ, அதத்தான் தாங்க முடியல."

நாளை சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். டீ கொடுத்தார்கள். ஸ்டெல்லா கொடுத்தார், அவரேதான்.

நவ. 17, திங்கள்

வானிலை கவனிக்கவில்லை.

டீலர் வந்தார். மெலிந்த மனிதர், நெற்றியில் திருநீறு, கையில் புது ஸ்கேனர் சாம்பிள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். டெமோ பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள்.

கொட்டேஷனை மேஜையில் வைத்துவிட்டு டீலர் சொன்னார். "சார், அந்தச் சோர்ஸ் சமாச்சாரம் மட்டும் நமக்குள்ளயே இருக்கட்டுமுங்க. வெளிய போக வேண்டாமுங்க."

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தது. 

"சார், நாங்க கேட்டது அந்தச் சோர்ஸ் இல்லீங்க."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"சட்டை எங்க வாங்குனீங்கன்னு நான் கேக்கலீங்க. அந்தச் சட்டையை வெட்டுன பேட்டர்ன் பேப்பர் வேணும்னு கேட்டனுங்க. மெஷினுக்குள்ள ஓடற புரோகிராம் எழுதுன எழுத்து இருக்குதுங்களே, அதுக்குப் பேரு சோர்ஸுங்க. மெஷின் எங்கிருந்து வருதுன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாதுங்க. ஜெபராஜ் சொல்லவும் இல்லீங்க. ரூல் நானா படிச்சதுங்க. அவரு பேரை நான்தான் சும்மா சொன்னனுங்க."

"பேட்டர்னா?" என்றார் முதலாளி.

"ஆமாங்க சார்."

டீலர் நாற்காலியில் சாய்ந்தார். நெற்றியைத் துடைத்தார். "அவ்வளவுதானுங்களா" என்றார். மறுபடியும், "அவ்வளவுதானுங்களா." பிறகு மேஜை மேல் வைத்த கொட்டேஷனை நாசூக்காக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இதுல ஒரு டோட்டல் தப்பா இருக்குதுங்க. புதுசாப் போட்டு அனுப்பறனுங்க."

முதலாளி என்னைப் பார்த்த பார்வை. திட்டியிருந்தால் தேவலை. "ஏனம்மிணி, அன்னிக்கு நான் போன்ல பேசறப்போ பக்கத்துலதானே நின்னே" என்றார். அவ்வளவுதான். பழைய ஸ்கேனரை வீட்டுக்கு எடுத்துப் போனதையும் சொல்லிவிட்டேன், ஒரே மூச்சில் போகட்டும் என்று. "அதையும் பார்த்துக்கலாம், போ" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

டீலர் கிளம்பும்போது கட்டிங் செக்‌ஷன் வாசலில் பிடித்தேன். ஜெபராஜை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "'அந்தக் கம்பெனில உன்னைக் கேட்டது ஆருடா'ன்னு அவங்கிட்ட எத்தனையோ தடவை கேட்டனுங்க. அதைச் சொல்லீட்டீன்னா உன்னை விட்டர்றேன்னு கூடச் சொன்னேன். 'அத மட்டும் கேக்காதீங்க சார், அவங்க வேலைக்கு எடஞ்சலாயிரும்'னு நின்னுட்டான். ஆரோ உள்ளாளு கூடக் கூட்டுன்னுதான் நான் வெளிய அனுப்புனது. நீங்கதானுங்களா அது?"

ஆமாங்க என்றேன்.

கேட் பாஸ் விஷயம் ஜெபராஜுக்குத் தெரியும். என் பெயரைச் சொன்னால் எனக்குத் தொல்லை என்று நினைத்திருக்கிறார். ஒரு பெயர் சொன்னால் வேலை மிஞ்சும், அந்தப் பெயரைச் சொல்லவில்லை. நேற்று அவ்வளவு நேரம் எதிரே உட்கார்ந்திருந்தேன், அதைப் பற்றி மூச்சு விடவில்லை. மனைவியிடமும் சொல்லியிருக்க மாட்டார், சொல்லியிருந்தால் ஸ்டெல்லா என் முன்னால் அதைப் போட்டு உடைத்திருப்பார்.

என்னை யாரும் மிரட்டவில்லை. வேலை போகும் என்று யாரும் சொல்லவில்லை. முதலாளி திரும்பி ஒரு பார்வை பார்த்தார், நான் ஜெபராஜ் என்றேன்.

பாத்ரூமில் போய் அழுதேன். வெளியே சுனிதா காத்துக்கொண்டிருந்தாள். "மேடம், பேட் தர்த்?" என்றாள். ஆமாம், வயிற்றுவலி என்றேன்.

நவ. 18, செவ்வாய்

மகளுக்கு ஷூ. ஒரு சைஸ் பெரிதாக.

அம்மா போன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். சளி என்றேன்.

முதலாளி காலையில் என்னைத் தாண்டிப் போனார், பேசவில்லை. மதியம் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார், புது ஸ்கேனர் இப்போது வேண்டாம், பழையதையே அந்த அம்மிணி ஓட்டிக் காட்டட்டும் என்று. இதற்குத்தான் மாதம் பூராவும் ஆசைப்பட்டேன். வந்தபோது வாயில் வைக்க முடியவில்லை.

ஸ்டோர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பித்தேன். சிவப்புக் கோடு எல்லாவற்றிலும் வருகிறது.

நவ. 19, புதன்

மழை வலுத்தது. செக்கிங் ஷெட்டில் ஒழுகல், பண்டிலெல்லாம் இடம் மாற்றம்.

ஜெபராஜ் வந்தார். பழைய கம்பெனிச் சட்டை. எனக்கு ஒரு கணம் மூச்சு நிம்மதியாக வந்தது. ஆனால் கூடவே அந்தப் புதிய ஆளும்.

"சார் கூப்பிட்டு விட்டாவ மேடம். வேல இருக்கு. ஆனா திருப்பூர் லைன் இவருக்குக் குடுத்தாச்சாம். நமக்குக் கரூர். இன்னைக்கி ஒங்க பிரிண்டர இவர்ட்ட ஒப்படைக்க வந்தேன்."

"தினமும் கரூரா? வீடு?"

"வீடு இங்கதான். அவளுக்கு வேல இங்கல்லா இருக்கு. பஸ்ஸு இருக்கு, போய்க்கிடலாம்."

 டீலரிடம் மறுபடி பேசுகிறேன் என்றேன். "வேண்டாம் மேடம், பேசுனவரைக்கும் போதும்" என்றார். கோபமாக இல்லை.

ஸ்கேனரைக் கையில் கொடுத்தேன். பண்டில் ஸ்டிக்கரைக் காட்டிப் பட்டனை அழுத்தினார். சிவப்புக் கோடு, டிக். "சூப்பரா வந்திருக்கு மேடம்" என்றார், மனசாரத்தான். முதல் திரைக்குப் போனார். நேற்று உட்கார்ந்து நான் சேர்த்திருந்த வரி அங்கே இருந்தது. 'கெர்னல் சோர்ஸ் பெற்றுத் தந்தவர்: ஜெபராஜ்'. எல்லா ஸ்கேனரிலும் ஏற்றியிருந்தேன். இதைக் காட்டத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன்.

படித்தார். 

"இத எடுத்துருங்க மேடம்."

"நன்றிக்குத்தானுங்க ஜெபராஜ். உண்மையும் அதுதானே."

"நல்லதுக்குன்னாலும் வேண்டாம். எம் பேர இனிமே இங்க எங்கயும் சொல்லாதிய."

கம்ப்யூட்டரில் அந்த வரியை எடுத்து, அவர் நிற்கும்போதே கையிலிருந்த ஸ்கேனரில் மறுபடி ஏற்றினேன். திரையில் இப்போது 'உருவாக்கம்: கோகிலா' மட்டும். அதையும் அழிக்கக் கையை வைத்தேன்.

"அது இருக்கட்டும் மேடம்" என்றார் ஜெபராஜ்.